ஐஸ்கிரீம் கடையில் கிடைத்த தங்கச்சி

என்னைக் கெடுத்தது தவமணி அக்காதான். வேறு யாருமில்லை. கூடப் பிறந்தவள் என்பதற்காக இதை நான் மெதுவாகச் சொல்லப்போவதில்லை.

எனக்கு நாற்பத்தொரு வயது. நெல் ஆலையில் இயந்திரம் பழுது பார்க்கிறேன். கல்யாணமாகவில்லை. என் போனைப் பறித்து டேட்டிங் ஆப்பில் என்னைப் போட்டவள் அக்கா. வயதை முப்பத்தைந்து என்று அடித்தாள். ("முதல் ஆறு வயசு நீ ஒழுங்காக் கதைக்கவே இல்லடா. அதக் கழிச்சாச்சு.")

அங்கே நான் கண்டதெல்லாம் அதிர்ச்சிதான். செங்கலடிப் பக்கம் இருபத்தாறு வயதுப் பிள்ளை ஒன்று. மூன்று நாள், மூன்று வேளையும் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன். "அங்கிள், நீங்க டாக்டரா?" என்று எழுதிவிட்டுக் காணாமல் போய்விட்டாள். அங்கிள்!

அடுத்தவர் புருஷனை இழந்தவர், ஐம்பத்திரண்டு வயது. மரியாதையான ஆள் என்று நம்பிக் கல்யாணப் பேச்சை எடுத்தேன். "தம்பி, கல்யாணம் ஒருக்கா முடிச்சுப் பாத்தாச்சு. ஞாயித்துக்கிழமையில பாசிக்குடாவுக்குக் கூட்டிப்போக ஒரு ஆள் இருந்தாக் காணும்" என்றார். கையிலிருந்த தேத்தண்ணீர் என் சட்டையில் சிந்தியது. என் அம்மாவைவிடப் பத்து வயதுதான் குறைவு!

பிறகுதான் சுகந்தி. முப்பத்தாறு வயது, பனிச்சங்கேணி, வங்கியில் வேலை. என் உண்மை வயதைச் சொன்னேன். "நானும் ரெண்டு குறைச்சுத்தான் போட்டனான்" என்று சிரித்தாள். மூன்று மாதம் தினமும் கதைத்தோம். இவள்தான் என்று முடிவெடுத்துவிட்டேன். எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பான். நான் பெட்டியில் உடுப்புகூட அடுக்கிவிட்டேன்.

ஒன்றை மட்டும் கேட்கவில்லை. குடி, அதாவது குலம். அது தாய்வழியில் வருவது. ஒரே குடி என்றால் எத்தனை ஊர் தள்ளியிருந்தாலும் அண்ணன் தங்கச்சிதான், கட்டக்கூடாது. முதல் நாளே கேட்கவேண்டிய கேள்வி. கேட்டால் பழைய ஆள் என்று நினைப்பாளோ என்று பயந்து அக்காவிடம் விசாரிக்கச் சொன்னேன். "அதெல்லாம் விசாரிச்சிட்டன், நீ போ" என்றாள்.

போனேன். கல்லடியில் ஒரு ஐஸ்கிரீம் கடை. சுகந்தி தாயையும் கூட்டி வந்திருந்தாள். தாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பேரைப் பிறகு சொல்லு மனே. நீ எந்தக் குடி?"

நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். கோயிலில் எங்கள் குடிக்கு எத்தனையாம் நாள் திருவிழா என்பதையும் சேர்த்துச் சொன்னேன். (கேட்காததையும் சொல்வது என் வியாதி.)

சுகந்தியின் கரண்டி பாதி வழியில் நின்றது. தாய்க்கோ முகமெல்லாம் சிரிப்பு.

"அட, நாங்களும் அதுதானே! அப்ப நான் உனக்குச் சின்னம்மா. இஞ்ச பாருகா சுகந்தி, ஆம்பிளப் பிள்ள இல்ல எண்டு அழுதனே, ஐஸ்கிரீம் கடையில கிடைச்சிருக்கு!"

"மூண்டு மாசமாக் கதைச்சமே. இத ஒருக்காக் கேட்டிருக்கக்கூடாதா?" என்றாள் சுகந்தி.

"நீங்க கேட்டிருக்கலாமே."

"கேட்டாப் பட்டிக்காடு எண்டு நினைப்பீங்களோ எண்டு பயந்துட்டன்..." கொஞ்சம் நிறுத்தினாள். "அண்ணா."

ஆலையில் இயந்திரப் பட்டி அறுந்து முகத்தில் அடித்தாற்போல இருந்தது. குடி பார்க்காமல் கட்டுகிறவர்களும் இன்று இருக்கிறார்கள். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் சின்னம்மா அதில் ஒரு கரண்டி ஐஸ்கிரீமை ஊட்டிவிட்டார்.

அன்றிலிருந்து எட்டாம் மாதம் சுகந்திக்கு வேறொருவரோடு கல்யாணம். மாப்பிள்ளையின் காலைக் கழுவி வரவேற்கப் பெண்ணின் சகோதரன் வேண்டும். வேறு யார்? நான்தான் கழுவினேன். வழக்கப்படி அவர் என் விரலில் மோதிரம் போட்டார். நல்ல மனுசன். அதுதான் இன்னும் கோபம்.

அந்த மோதிரம் இறுகிவிட்டது. சவர்க்காரத்துக்கும் கழலவில்லை, தேங்காயெண்ணெய்க்கும் கழலவில்லை. ஆப்பில் என் புதுப் படத்தில் மோதிரத்தைப் பார்க்கிற பெண்கள், எந்த வயதாக இருந்தாலும், "நீங்க கல்யாணம் முடிச்ச ஆள்தானே?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அக்காவின் புருஷன் வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறார்: "மச்சானுக்கு மோதிரம் போட்டாச்சு. பொம்பிளதான் பாக்கி."

அக்காவைக் கேட்டால் "மறந்திட்டன்" என்கிறாள். மறக்க விடமாட்டேன். தவமணி அக்கா, திருவிழாவுக்கு முந்திய கோயில் கூட்டத்துக்கு நம் குடி ஆட்கள் எல்லாரும் வருவார்கள். ஒலிபெருக்கி இருக்கும். சாட்சிக்கு என் தங்கச்சியும் வருவாள். அத்தனை பேருக்கும் முன்னால் எழுந்து நின்று சொல்: நீ விசாரித்தாயா, இல்லையா? விசாரித்தாய் என்றால், யாரிடம்?