அஞ்சு பேருக்கும் சிவப்புப் பட்டை

“வர்ற சனி விட்டு அடுத்த சனிக்கிழமைக்கு பார்க்குல மூணு தினுசு டிக்கெட் இருக்கு மாமா” என்று செல்போனைப் பார்த்தபடியே சொன்னான் சிவபாலன். “கையில பச்சைப் பட்டை கட்டுனா உள்ள சும்மா சுத்திப் பாக்கலாம், சாப்பாடு உண்டு, எதுலயும் ஏற முடியாது. நீலப் பட்டைன்னா தண்ணி விளையாட்டு மட்டும். சிவப்புப் பட்டைன்னா எல்லாத்துலயும் ஏறலாம். உங்களுக்குச் சிவப்புதானே மாமா?”

செல்லப்பாண்டியின் வாயிலிருந்த உளுந்தவடை மேலே அரைபடாமல் அப்படியே நின்றது.

மகளைக் கட்டிக்கொடுத்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. மாப்பிள்ளை உரத் தொழிற்சாலையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் முத்துச்செல்வியை பைக்கில் ஏற்றிக்கொண்டு முத்தையாபுரத்துக்கு மாமனார் வீட்டுச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவான். பிரியமான பையன்தான். அந்தப் பிரியம்தான் இப்போது வினையாகியிருந்தது.

தவறு செல்லப்பாண்டியின் வாயில். அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். நாற்பது மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு, காலுக்கடியிலும் கண்ணாடி, அதற்குக் கீழே கடலும் கப்பலும். போன ஞாயிறு மாப்பிள்ளை, “அவ்வளவு உசரத்துல பயமா இருக்காதா மாமா?” என்று கேட்டான். இவர் மீன் குழம்பைப் பிசைந்துகொண்டே, “பயமா? இந்தப் பார்க்குல தலைகீழாப் போற ரயிலு, ராட்டினம்லாம் நமக்கு ஊஞ்சல் மாதிரி மாப்ள” என்று சொல்லி வைத்தார். சொன்னதோடு விட்டாரா? “ஒரு நாள் போய் ஏறிப் பாக்கணும்” என்றும் சேர்த்துச் சொன்னார். மாமனாரின் ஆசையை மாப்பிள்ளை மனதில் முடிந்துகொண்டான். மதுரை ரோட்டில் புதிதாக ஒரு பார்க் திறந்திருந்தது.

உண்மை என்னவென்றால், கிரேனில் அவருக்குக் கடுகளவும் பயமில்லை. அங்கே லிவர் அவர் கையில் இருக்கிறது. அவர் தள்ளினால் போகும், இழுத்தால் நிற்கும். ராட்டினத்தில் லிவர் எவன் கையிலோ இருக்கிறது. அவன் அந்த நேரம் பார்த்து டீ குடித்துக்கொண்டிருப்பான்.

இருபத்துநாலு வயதில் பொருட்காட்சி ராட்டினத்தில் ஒரு தடவை ஏறியிருக்கிறார். இரண்டாவது சுற்றில், பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒரு மீசைக்காரரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “அண்ணாச்சி, நிறுத்தச் சொல்லுங்க அண்ணாச்சி” என்று அழுதார். இறங்கும்போது அந்த மனிதரின் சட்டைப் பித்தான் மூன்று இவர் கையில் இருந்தது. இந்தக் கதை வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது. ஏனென்றால் முத்துச்செல்வி ஒன்றாம் வகுப்பிலேயே டீச்சரிடம், “எங்கப்பா ஆகாசத்துல வேலை பாக்காவ” என்று சொன்ன பிள்ளை. இன்றைக்கும் புருஷனிடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

வடையை ஒரு வழியாக விழுங்கிவிட்டு, “சிவப்பேதான் மாப்ள” என்றார். “ஆனா அந்த சனிக்கிழமை பெரிய கப்பல் ஒண்ணு வருது. எனக்கு டூட்டி.”

“அடடா” என்றான் சிவபாலன். முகம் வாடிப்போயிற்று. செல்லப்பாண்டிக்குப் பாவமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

நிம்மதி செவ்வாய்க்கிழமை வரைக்கும் தங்கியது. அன்று டீக்கடையில் உடன் வேலை பார்க்கும் கிளைட்டன் அவர் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான்.

“மக்கா, ஒம் மாப்பிள்ளை தங்கமான பையன்டே. நேத்து என்னத் தேடி வந்து, ‘மாமா ரொம்ப ஆசப்படுதாவ, அவுக டூட்டிய நீங்க பாக்க முடியுமா’ன்னு கேட்டான். எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. நான் பாக்கேன். நீ சந்தோசமாப் போயிட்டு வா.”

“ஒன்ன யாருலே ஒத்துக்கச் சொன்னா?” என்றார் செல்லப்பாண்டி. கிளைட்டன் முழித்தான்.

சரி, டூட்டி போயிற்று. அன்று மாலையே மாப்பிள்ளைக்குப் போன் போட்டார். “மாப்ள, ஒங்க அத்தைக்கு அடிக்கடி தலை சுத்துது. அவ ஏற முடியாது. தனியா விட முடியுமா? அதனால எனக்கும் அவளுக்கும் ரெண்டு பச்சைப் பட்டை போட்டிருங்க. நீங்க சின்னஞ்சிறுசுக ஜாலியா ஏறுங்க.”

மாப்பிள்ளை ரொம்பவும் வருத்தப்பட்டான். மாமனார் தன் ஆசையை மனைவிக்காகத் துறப்பதை அவனால் தாங்க முடியவில்லை. உடனே வேம்பாரில் கருப்பட்டிக் கடை வைத்திருக்கும் தன் தாயார் சீனித்தாயிடம், “அத்தைக்குத் துணையா நீங்க வாங்கம்மா, மாமா நிம்மதியா ஏறட்டும்” என்று சொல்லிவிட்டான். சீனித்தாய் அடுத்த நிமிஷமே சம்பந்தி தங்கத்தாயைப் போனில் கூப்பிட்டு, “மதினி, தலை சுத்துதாமே? வெறும் வயித்துல இஞ்சியத் தட்டிச் சாறு குடிங்க” என்று அரை மணி நேரம் வைத்தியம் சொன்னாள்.

போனை வைத்துவிட்டுத் தங்கத்தாய் புருஷன் முன்னால் வந்து நின்றாள்.

“எனக்கு எப்பங்க தலை சுத்துச்சு?”

“அப்பப்ப சுத்தும்லா?”

“கல்யாணமான நாள்லேர்ந்து ஒங்க கூடச் சுத்துனதுதான் சுத்தல். சம்பந்தி வீட்டுல என்னைய நோயாளின்னு பேசிக்கிடுவாவ. பொண்ணு குடுத்த எடத்துல நமக்கு ஒரு மரியாத வேண்டாமா? நானும் சிவப்புப் பட்டைதான். தலைகீழாப் போற ரயில்ல நான்தான் மொத ஆளு.”

இதை அவள் மகளிடம் சொல்ல, மகள் மாப்பிள்ளையிடம் சொல்ல, மாப்பிள்ளை தாயாரிடம் சொன்னான். சீனித்தாய், “மதினியே ஏறும்போது நான் கீழ நின்னு கைப்பை காக்கவா? எனக்கும் சிவப்பே போடு” என்றுவிட்டாள். புதன்கிழமை ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் சிவபாலனின் செய்தி வந்தது: ‘அஞ்சு பேருக்கும் சிவப்புப் பட்டை புக் பண்ணியாச்சு மாமா!’ பக்கத்தில் ஒரு ராக்கெட் பொம்மை வேறு.

மறுநாள் செல்லப்பாண்டி வேறு வழியில்லாமல் கிளைட்டனிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார், மீசைக்காரரின் பித்தான் உட்பட. கிளைட்டன் சிரித்து முடிக்க இரண்டு டீ ஆயிற்று.

“கையில பச்சைப் பட்டை கிடைக்கலேன்னா கழுத்துல ஒரு பட்டையப் போடு மக்கா” என்றான். “கழுத்து வலின்னா எந்த ராட்டினக்காரனும் ஏத்த மாட்டான். எங்க மச்சானுக்கு வாங்கினது வீட்டுல சும்மா கெடக்கு.”

யோசனை பிரமாதமாகத்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை கழுத்தில் பட்டையோடு வேலைக்குப் போனார். ஷிப்ட் இன்சார்ஜ் ஏற இறங்கப் பார்த்தார்.

“கழுத்தே திரும்பாத ஆளு கன்டெய்னரைத் தூக்கிக் கப்பல்ல வைக்கப் போறீரா? ஒரு வாரம் கீழ நில்லும்.”

ஆகாசத்தில் வேலை பார்த்த மனிதர் அந்த வாரம் முழுவதும் தரையில் நின்று, உச்சி வெயிலில் கன்டெய்னர் நம்பர் எழுதினார். கழுத்துப் பட்டைக்குள் வியர்வை ஊறி அரித்தது. சொறியவும் முடியவில்லை. அவருடைய கிரேனில் கிளைட்டன் உட்கார்ந்து கையாட்டினான்.

வீட்டில் இன்னும் மோசம். செய்தி கேள்விப்பட்ட சீனித்தாய், வேம்பாரிலிருந்து ஒரு எலும்பு வைத்தியரைக் கையோடு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். ஆள் ஒல்லி. விரல் ஒவ்வொன்றும் ஒரு பனங்கிழங்கு.

“வேண்டாம் தங்கச்சி, தானா சரியாப் போவும்” என்று செல்லப்பாண்டி பின்வாங்கினார்.

“சும்மா இருங்க அண்ணாச்சி. ஒங்களுக்காகத்தான் எல்லாரும் பார்க்குக்குப் பொறப்படுதோம். நீங்க இல்லாம எப்பிடி?”

வைத்தியர் எண்ணெயைத் தடவினார். வானிலை, வெங்காயம், பேரன் படிப்பு என்று நாலு பேச்சுப் பேசினார். பேச்சோடு பேச்சாக, “அந்தா பாருங்க, பூனை” என்றார். செல்லப்பாண்டி திரும்பினார். கடக்கென்று ஒரு சத்தம். அடுப்படியில் இருந்த தங்கத்தாய்க்கே கேட்டது.

நல்ல கழுத்து இரண்டு நாள் வலித்தது. மூன்றாம் நாள், பிறந்ததிலிருந்து இல்லாத அளவுக்குச் சுலபமாகத் திரும்பியது. ரோட்டைக் கடக்கும்போது முதுகுக்குப் பின்னால் வருகிற பஸ்ஸின் நம்பர் பலகையைப் படிக்க முடிந்தது.

“இனி அண்ணாச்சி ராக்கெட்டுல கூட ஏறலாம்” என்று வைத்தியர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதையும் எல்லாருக்கும் போன் போட்டுச் சொன்னாள் சீனித்தாய்.

சனிக்கிழமை விடிந்தது. வேன் வந்தது. தங்கத்தாய் நாற்பது இட்லி அவித்து, மிளகாய்ப்பொடி தடவி, வாழையிலையில் கட்டி எடுத்து வந்திருந்தாள். எட்டயபுரம் தாண்டியதும் பொட்டலத்தைப் பிரித்தாள்.

“எனக்கு இப்ப பசிக்கல அத்தை” என்றான் சிவபாலன்.

“எனக்கும் வேண்டாம்மா” என்றாள் முத்துச்செல்வி.

சீனித்தாய் விரதம் என்றாள். என்ன விரதம் என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. தங்கத்தாயும் ஒரு விள்ளல் பிட்டு வாயருகே கொண்டுபோய்த் திரும்ப வைத்துவிட்டாள். குதூகலத்தில் இவர்களுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, எனக்கோ பயத்தில் இறங்கவில்லை என்று செல்லப்பாண்டி நினைத்துக்கொண்டார். வேன் டிரைவர் மட்டும் பதினொரு இட்லி சாப்பிட்டார்.

பார்க் வாசலில் இறங்கும்போதே அந்த ரயில் தெரிந்தது. மதிலுக்கு மேலே ஏறி, ஒரு கணம் நின்று, தலைகீழாகக் கவிழ்ந்து பாய்ந்தது. உள்ளேயிருந்து ஐம்பது பேர் ஒரே குரலில் அலறினார்கள்.

“ஆகா” என்றான் சிவபாலன். குரல் கொஞ்சம் கீச்சென்று வந்தது.

“நல்லாத்தான் இருக்கு” என்றாள் தங்கத்தாய், கண்ணை மூடிக்கொண்டு.

முத்துச்செல்வி தகப்பனாரின் கையைப் பிடித்தாள். “அப்பா, நீங்க மொதல் வரிசையில ஒக்காருங்கப்பா. நான் கீழ நின்… நான் பின்னால இருந்து போட்டோ எடுக்கேன்.” அவள் முகத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் பெருமை அப்படியே இருந்தது.

கவுண்டரில் போன் நம்பரைச் சொல்லி, கையில் கட்டும் பட்டைகளை வாங்க வேண்டும்.

“நான் போய் வாங்கிட்டு வாரேன், நீங்கல்லாம் நிழல்ல நில்லுங்க” என்று சிவபாலன் கிளம்பினான்.

“நீங்க வேனுக்கு எடம் சொல்லுங்க, நான் போறேன்” என்று முத்துச்செல்வி குறுக்கே வந்தாள்.

“பொம்பளையாளுக வரிசை சின்னதா இருக்கு, நான் போறேன்” என்று தங்கத்தாய் நகர, “ஒங்களுக்கு எதுக்கு மதினி சிரமம்?” என்று சீனித்தாய் அவளை முந்தினாள்.

“யாரும் போக வேண்டாம்!” என்றார் செல்லப்பாண்டி. கிரேனிலிருந்து கீழே கத்துகிற குரல் அது. “வீட்டுக்குப் பெரியவன் நான் இருக்கேன்லா? நானே போறேன்.”

நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள்.

கவுண்டரில் மெட்டில்டா என்று பெயர் அட்டை குத்திய ஒரு பெண் இருந்தாள். அவர் மாப்பிள்ளையின் நம்பரைச் சொன்னார். பின்னால் திரும்பிப் பார்த்தார். கழுத்து வெண்ணெயாகத் திரும்பியது. யாரும் பக்கத்தில் இல்லை. கண்ணாடியில் இருந்த ஓட்டையில் வாயை வைத்துக் குனிந்தார்.

“தாயி, ஒரு ஒத்தாசை. செல்லப்பாண்டிங்கிற பேர்ல இருக்க சிவப்புப் பட்டைய மட்டும் பச்சையா மாத்திரும்மா. காசு திரும்ப வேண்டாம். ஏதோ கம்ப்யூட்டர்ல தப்பா விழுந்துட்டுன்னு நான் சொல்லிக்கிடுதேன்.”

“ஏன் சார்?”

வாசலில் மகள் வெயிலுக்குக் கையைக் குடையாக்கிக்கொண்டு இவரையே பார்த்தபடி நின்றாள்.

“எனக்குப் பயம் தாயி” என்றார். “பொம்பளப் பிள்ளைட்ட சொல்ல வெக்கமா இருக்கு. நான் கிரேன் ஓட்டுதவன். ஆனா ராட்டினத்தப் பாத்தா எனக்குக் கை காலு ஓடாது. எங்க வீட்டாளுக நாலு பேரும் இதுல ஏறணும்னு ரெண்டு வாரமா சோறு தண்ணி எறங்காமக் கெடக்காவ. அவுக சந்தோசம் என்னால கெட்டுறக் கூடாது. அதான்.”

மெட்டில்டா திரையைப் பார்த்தாள். இன்னொரு தடவை கிட்டப் போய்ப் பார்த்தாள். பிறகு துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஐந்து பச்சைப் பட்டைகளை எண்ணி அவர் முன்னால் வைத்தாள்.

“நாலு பேரும் போன வாரமே தனித்தனியா போன் பண்ணி, ‘எனக்கு ஏறப் பயமா இருக்கு, ஆனா பாவம் அவுக ரொம்ப ஆசப்படுதாவ, அவுகளுக்கு மட்டும் தெரிய வேண்டாம்’னு சொல்லிப் பச்சைக்கு மாத்திட்டாங்க சார், ஒங்க குடும்பத்துல சிவப்பா பாக்கி இருந்தது நீங்க ஒருத்தர்தான்!”