பதிமூன்றாவது போர்டும் ஓயாத கதவும்

“நிறுத்தாதீங்க! யாரும் மோட்டாரை நிறுத்தாதீங்க!” என்று சுழல் கதவுக்குள் ஓடிக்கொண்டே மேலாளர் அலறிய அந்தக் கணத்தில், மனிதகுல நிர்வாக வரலாற்றில் ஒரு பொன்னேடு புரண்டது. பக்கத்தில் நின்று பார்க்கும் பாக்கியம் எனக்கு வாய்த்தது.

எங்கள் தொழிற்சாலையின் புதிய படைப்பு அந்தக் கதவு. மோட்டார் சுற்றும்வரை ஒரு குறையும் சொல்ல முடியாது. நிறுத்தினால் மட்டும் ‘டப்’ என்று ஒரு சத்தம். கட்டுப்பாட்டு போர்டு கருகிவிடும். பன்னிரண்டு போர்டுகள் இப்படி ‘வீரமரணம்’ எய்தியதும் விசாரணைக் குழு அமைந்தது. தலைவர், அடியேன். ஆறே கூட்டங்களில் இரண்டு முடிவுகளை எட்டினோம். ஒன்று: மோட்டாரை இனி நிறுத்தவே கூடாது. இரண்டு: போர்டுகளுக்கு ஈயம் பற்றவைக்கும் பெண்மணியே குற்றவாளி. இப்போது கதவில் இருக்கும் பதிமூன்றாவதும் கருகினால் அவருக்கு வேலை இல்லை.

பட்டறையில் எல்லோருக்கும் அவர் ‘ஈயக்கா’.

முதல் முடிவின் மேன்மையை நிரூபிக்கத்தான் மேலாளர் கதவுக்குள் நுழைந்தார். கதவு சுற்றிய வேகத்தில் வெளியே வரக் குதிக்க வேண்டும். குதிப்பது பதவிக்கு அழகல்ல. ஆகவே சுற்றிக்கொண்டிருந்தார்.

“தப்பு என் கையில இல்ல சார்,” என்றார் ஈயக்கா. “ஓடுறவரைக்கும் மோட்டார் சாது. கரண்டை வெட்டினா கோபத்துல ஒரு உதை விடும். ஓடுறது பன்னெண்டு வோல்ட்டுல. உதை நூறைத் தாண்டும். போர்டுல இருக்கிற சிப்பு அஞ்சு வோல்ட்டுப் பச்சப்புள்ள. தாங்குமா?”

“அதுக்கு என்ன…” மேலாளர் மறுபக்கம் போய்த் திரும்பி வந்தார். “…பண்ணணும்?”

“ஒரு டயோடு சார். கரண்டை ஒரே திசையில மட்டும் விடுற சாமான், அரிசி அளவுதான். மோட்டாரோட ரெண்டு முனைக்கும் குறுக்கே போட்டா, உதை அதுக்குள்ளயே சுத்தி அடங்கிடும்.”

“குழு அங்கீகரிக்காத பாகம்!” என்று நான் ஆட்சேபித்தேன். “ஏழாவது கூட்டத்துல வெச்சுப் பேசலாம். அடுத்த வியாழக்கிழமை.”

“யோவ்! அதுவரைக்கும் நான் சுத்திக்கிட்டே இருக்கணுமா?”

நல்லவேளை, பதில் சொல்வதற்குள் அவர் மறுபக்கம் போய்விட்டார்.

ஈயக்கா சட்டைப்பையிலிருந்து ஒரு டயோடை எடுத்தார். அதன் வெள்ளைக் கோடு மோட்டாரின் பிளஸ் பக்கம் இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துக் கிளிப்பால் கவ்வவைத்தார்.

“மாத்திப் போட்டா?” என்றேன்.

“புகை வரும் சார். அப்புறம் நான் வீட்டுக்குப் போகணும். உங்களுக்கு ரொம்பச் சந்தோஷமா இருக்கும்.”

மோட்டாரின் சுவிட்சை அணைத்தார்.

சத்தமே இல்லை. கதவு மெல்லத் தளர்ந்து நின்றது. போர்டில் பச்சை விளக்கு அப்படியே எரிந்தது. மேலாளரை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, பத்து முறை ஓட்டி, பத்து முறை நிறுத்தினார் ஈயக்கா. பதிமூன்றாவது போர்டு சாகவில்லை.

சுவரைப் பிடித்தபடி மேலாளர் கேட்டார்: “இத்தினியூண்டு சாமானை டிசைன்ல போடாம விட்டவன் எவன்யா?”

“விடல சார். போட்டிருந்தாங்க.”

ஈயக்கா மூல வரைபடத்தை விரித்தார். டயோடு இருந்தது. அதன்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில், ‘தேவையற்ற உதிரி. நீக்குக.’ கீழே ஒரு கையெழுத்து.

மேலாளர் குனிந்து படித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

அந்த விசாரணைக்கு என்னைவிடப் பொருத்தமான தலைவர் கிடைத்திருக்க முடியாது என்பதை நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள். கையெழுத்து என்னுடையது.