சும்மா பிடித்துக்கொள்கிறவர்

மனிதர்களில் ஒரு தனி இனம் உண்டு. எங்கேயாவது ஒரு பிள்ளை கத்தரிக்கோலும் காகிதமுமாக உட்கார்ந்தால் போதும், பசை வாசனையை மோப்பம் பிடித்துக்கொண்டு இந்த இனம் பின்னால் வந்து நிற்கும். நிற்கும்போது பரம சாது. கைகள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். பிறகு, தொண்டையை மெல்லக் கனைத்துக்கொண்டு, அந்த அமுத வாக்கைச் சொல்லும்:

"நீயே செய் கண்ணு. நான் சும்மா பிடிச்சுக்கறேன்."

அவ்வளவுதான். பிள்ளையின் கதை அன்றோடு முடிந்தது.

ஜெர்மனியில் எங்கள் ஓல்டன்பர்க் நகரத்தில் இவர்களை அடையாளம் காண்பது மிகச் சுலபம். நவம்பரில் மார்ட்டின் திருநாளுக்காகக் காகித விளக்கு செய்யும் பிற்பகலில் தொடக்கப் பள்ளிப் பக்கம் போய்ப் பாருங்கள். இருபது பிள்ளைகள் சன்னலோரமாக நின்று ஆப்பிள் கடித்துக்கொண்டிருக்க, அவர்களுடைய குட்டி நாற்காலிகளில், முழங்கால் மோவாயில் இடிக்க, நாக்கு வாயோரம் எட்டிப் பார்க்க, பக்கத்து மேசை விளக்கை ஓரக்கண்ணால் அளந்தபடி, வெட்டி, மடித்து, ஒட்டி, மூச்சுகூட விடாமல் பாடுபடுகிறார்களே பெரியவர்கள், அவர்கள்தான். ஈரப்பஞ்சில் வைத்த அவரை விதை முளைக்காவிட்டால், பிள்ளையின் மனம் உடைந்துவிடுமே என்று, முளைத்த விதை ஒன்றை யாருக்கும் தெரியாமல் மாற்றி வைப்பவர்களும் இவர்களே. பிள்ளைக்குத் தெரியாதாம்! தான் விதைமேல் பேனாவால் போட்ட கண்ணும் வாயும் ஒரே நாளில் காணாமல் போனால் எந்தப் பிள்ளைக்குத் தெரியாது?

இந்த இனத்தின் மணிமகுடம் டெட்லெஃப் வீசென்காம்ப். பாலம் கட்டும் பொறியாளர். நல்லவர், மிக நல்லவர். அதுதான் ஆபத்து. அவருடைய ஒரே மகள் மெர்லே மூன்றாம் வகுப்பில் என் மகளோடு படிக்கிறாள்.

அந்த வகுப்பின் ஆசிரியை ஓஸ்டென்டார்ப் ஒரு கடிதம் அனுப்பினார். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பச்சை முட்டைக்குப் பாதுகாப்புக் கூடு செய்துவர வேண்டும்; திங்கட்கிழமை மாடிச் சன்னலிலிருந்து அதைக் கீழே போடுவோம்; உடையாமல் தப்பிய முட்டைகளில் அப்பம் சுடுவோம். கடைசி வரியின் கீழே இரண்டு கோடு: 'பிள்ளைகளே செய்யட்டும்.' வீசென்காம்ப் அதைப் படித்தார். "ரொம்பச் சரி. சில அப்பா அம்மாக்களுக்கு இதை இப்படிக் கோடு போட்டுத்தான் சொல்லணும்" என்று தலையாட்டிக் குளிர்பெட்டியில் ஒட்டிவைத்தார்.

மெர்லேயிடம் ஒரு திட்டம் இருந்தது. காலி பால் அட்டைப்பெட்டி. அது நிறையச் சோளப்பொரி. நடுவில் முட்டை.

"அருமையான யோசனை செல்லம். ஆனா சோளப்பொரி நசுங்கிடுமே?"

"நசுங்கினாத்தானே அப்பா முட்டைக்கு நல்லது?"

வீசென்காம்ப் பெட்டியை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். மகள் சொன்னது சரி. பொறியாளருக்கு அது தெரியும். அந்த ஒரு கணத்தில் அவர் எழுந்து தேநீர் போடப் போயிருந்தால் எவ்வளவு கண்ணீர் மிச்சமாகியிருக்கும்! போனாரா?

"அந்த அட்டையை இப்படிக் குடு. நான் சும்மா பிடிச்சுக்கறேன்."

சனிக்கிழமை பிற்பகலுக்குள் பால் பெட்டி குப்பைக்குப் போயிற்று. சோளப்பொரியை வீசென்காம்ப் தின்று தீர்த்தார். அதன் இடத்தில் பன்னிரண்டு மெல்லிய மரச் சட்டங்களும், பேனாக்களிலிருந்து பிடுங்கிய எட்டு ஸ்பிரிங்குகளும், நல்ல குடை ஒன்றை வெட்டித் தைத்த பாராசூட்டுமாக ஒரு மாளிகையே எழுந்தது. மெர்லேக்கும் வேலை கொடுத்தார். ஒரு சிவப்பு நட்சத்திரம் ஒட்டச் சொன்னார். ஒட்டினாள். "கொஞ்சம் கோணல்" என்று அதையும் பிரித்து நேராக ஒட்டினார்.

ஞாயிறன்று பால்கனியிலிருந்து மூன்று முறை சோதனை. இரண்டு முறை முட்டை பிழைத்தது. மூன்றாம் முறை மாண்டது. வீசென்காம்பின் நெஞ்சில் இடி விழுந்தது. மகள் வகுப்பின் முன்னால் அவமானப்படுவதா? பாலம் கட்டுகிறவன் தேவைக்கு மேல் இரண்டு பங்கு பலம் வைப்பதில்லையா? திங்கள் காலை, மகள் பல் தேய்க்கும் நேரத்தில், அந்த உத்தமர் அடுப்பில் தண்ணீர் வைத்தார். முட்டையைக் கையில் எடுத்தார். கொதிநீரில் ஓடு வெடித்துவிடக் கூடாதென்று, எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதைப்போல, முட்டையின் பருத்த முனையில் ஊசியால் ஒரு குத்துக் குத்தினார். பத்து நிமிடம் வேகவைத்தார். திருட்டுத்தனம் செய்யும்போதுகூடச் சமையலை முறையாகச் செய்கிறவர் அவர்.

பள்ளிக்கு உதவிக்கு வந்த பெற்றோர் நாங்கள் இருவர். நான் முற்றத்தில் உடைந்த முட்டைகளைத் துடைத்தேன். அவர் மாடியில் நின்று கைதட்டினார். பதினெட்டு முட்டைகளில் பதினொன்று போயின. மெர்லேயின் மாளிகை மட்டும் ராஜகுமாரியைப்போல மிதந்து இறங்கிற்று.

எல்லோரும் மாடிக்கு வந்ததும் ஆசிரியை கேட்டார்: "பிரமாதம் மெர்லே! எப்படிச் செஞ்சேன்னு எல்லாருக்கும் சொல்லு."

"நட்சத்திரம் ஒட்டினேன் டீச்சர்" என்றாள் மெர்லே. சற்று யோசித்து, "அதுவும் கோணலா" என்றாள்.

பிழைத்த முட்டைகளை மாவில் உடைத்து ஊற்றும் வேலை ஃபென்யா என்ற சிறுமிக்கு. மற்றவற்றை உடைத்து ஊற்றிவிட்டு, கடைசியாக அவள் மெர்லேயின் முட்டையைத் திருப்பிப் பார்த்தாள்.

"டீச்சர், இதுல ஊசி ஓட்டை இருக்கு!"

காலைச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்த எந்தப் பிள்ளைக்கும் அந்த ஓட்டையின் பொருள் தெரியும்.

"வேகவச்ச முட்டை! ஏய், மெர்லே ஏமாத்திட்டாடி!"

"பச்சை முட்டைன்னுதானே சொன்னாங்க? திருடி!" என்று கத்தினாள் ஃபென்யா.

எட்டு வயது முகம் ஒன்று வெளுத்துப்போவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? "நான் இல்ல" என்றாள் மெர்லே. அப்பாவைக் காட்டிக் கொடுக்கவில்லை. அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. அதைவிடக் கொடிய பார்வை உலகத்தில் உண்டா?

வீசென்காம்பின் காதுகள் சிவந்தன. "அவளைத் திட்டாதீங்க. நான்தான். அவளுக்குத் தெரியாது. நான் சும்மா..."

"சும்மா வேகவச்சீங்களா சார்?" என்று கேட்டார் ஆசிரியை.

மெர்லே மூக்கை உறிஞ்சினாள். "டீச்சர், பச்சை முட்டை இன்னும் இருக்கா?"

"ஒண்ணே ஒண்ணு."

அவள் தாழ்வாரத்தில் மாட்டியிருந்த தன் கம்பளித் தொப்பியை எடுத்துவந்தாள். தன் கையுறைகளைத் திணித்தாள். போதவில்லை. முதலில் கையுறையை எறிந்தவள், திருடி என்று கத்திய அதே ஃபென்யாதான். பிறகு நாலாபக்கமும் இருந்து கையுறை மழை. முட்டையை நடுவில் புதைத்து, கழுத்துத் துணியால் சுற்றிக் கட்டினாள். முடிச்சு நழுவியது. மறுபடி கட்டினாள். மறுபடி நழுவியது. ஒரு பெரிய கை, தானாக, காற்றில் நீண்டது.

"அப்பா."

ஒரே சொல். வீசென்காம்ப் குட்டி நாற்காலி ஒன்றில் அமர்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டார். அப்படி உட்கார்ந்திருக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

முடிச்சு ஒருவழியாக நின்றது; மூட்டை சன்னலிலிருந்து விழுந்தது. பிள்ளைகள் படிகளில் உருண்டு ஓடினார்கள். மெர்லே முடிச்சை அவிழ்த்தாள். கம்பளி முழுக்க மஞ்சள்.

"போச்சு!" என்றாள் ஃபென்யா.

"இரு! இங்க பாரு, அடியில மட்டும்தான் உடைஞ்சிருக்கு. மேல ஒண்ணுமே ஆகல! அடியில இன்னும் ரெண்டு கையுறை வச்சா நிக்கும். நிச்சயமா நிக்கும்! டீச்சர், இன்னொரு முட்டை!"

"அது என் கையுறைடி, எருமை!"

"துவைச்சுத் தர்றேன் போ."

தோற்றுப்போன ஒருத்தியின் முகத்தில் அத்தனை வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. முட்டைதான் இல்லை. எங்களோடு இறங்கி வந்திருந்த வீசென்காம்ப் நிமிர்ந்தார், அந்தக் கைகளுக்கு வாழ்க்கையிலேயே முதல்முறையாகச் சரியான வேலை கிடைத்தது.

"நான் ஓடிப்போய் வாங்கிட்டு வந்துடறேன்!"

அவர் வாசலைத் தாண்டும்போது பின்னால் மகள் கத்தினாள்: "பச்சையா கொண்டுவா அப்பா!"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நீங்கள் பாலம் கட்டியவரில்லை, முட்டை வேகவைத்தவரில்லை, இந்த இனத்துக்கும் உங்களுக்கும் சம்பந்தமே இல்லை. ஒரே ஒரு சின்னப் பரிசோதனை. நாளைக் காலை, பேருந்துக்கு நேரமாகிவிட்ட வேளையில், உங்கள் வீட்டுப் பிள்ளை வாசற்படியில் உட்கார்ந்து காலணிக் கயிற்றைத் தானே கட்டும். தப்பாகக் கட்டும். அவிழ்க்கும். மறுபடி முதலிலிருந்து தொடங்கும். நீங்கள் வாயைத் திறக்காமல், கையை நீட்டாமல், ஒன்றிலிருந்து இருபது வரை எண்ணுங்கள்.

நான் ஏழிலேயே குனிந்துவிட்டேன்.