நிறைய வழியுள்ள மலை

என் வேலையே வழி போடுவதுதான். பண்டமாரானில் ஒரு சரக்குக் கம்பெனியில், எந்த லோரி எந்தச் சாலையில் போக வேண்டும் என்று உத்தரவு போடுகிற நாற்காலி என்னுடையது. அதில் சில வருடம் உட்கார்ந்தால் தன்னைப் பற்றி உயர்ந்த அபிப்பிராயம் வந்துவிடும். (தொப்பையும் வரும், அது வேறு கதை.)

அப்போது கவிதாவுக்கும் எனக்கும் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. காஜாங்கில் இருந்த அவள் அப்பா மட்டும் பிடி கொடுக்கவில்லை. "பையனைப் பக்கத்துல வெச்சுப் பார்க்கணும்" என்றாராம். அதற்காகவே உலு லங்காட் ஆற்றோரம் கூடாரம் போட்டபோது என்னையும் அழைத்தார்கள். போன அன்றைக்கே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

"நாளைக்குக் காலைல மலை ஏறலாம் அங்கிள். அரை நாள்தான். பிளான் நான் போடுறேன்."

முகாம் கடையில் வாங்கிய வரைபடத்தைப் பார்த்ததும் மனம் குளிர்ந்தது. மலையின் தெற்குப் பக்கம் முழுக்க மெல்லிய கோடுகள், அத்தனை நெருக்கமாக. வடக்கிலோ அங்கொன்றும் இங்கொன்றும். இவ்வளவு பாதைகளை விட்டுவிட்டு எவனாவது வடக்கே போவானா? ஒன்றில் ஜாம் என்றால் இன்னொன்று இருக்கிறதே! (மலையில் என்ன ஜாம் என்று தோன்றவில்லை.) எல்லாவற்றையும் வெட்டிக்கொண்டு நேராக மேலே ஒரு சிவப்புக் கோடு இழுத்து, வரைபடத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன்.

மறுநாள் நான், கவிதா, அங்கிள் மூன்று பேரும் கிளம்பினோம். சாப்பாட்டுக்குத் தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக் பொட்டலங்கள் அங்கிள் கையில். காட்டுக்குள் கொஞ்ச நேரம் நடந்ததும் எதிரே ஒரு பாறைச் சுவர் வந்து நின்றது.

"ரோடு எங்க தம்பி?"

"மேல இருக்கு அங்கிள். நிறைய இருக்கு."

சொல்லிவிட்டுச் சும்மா நிற்க முடியுமா? வரைபடத்தைக் கவிதாவிடம் கொடுத்துவிட்டு ஏறினேன். ஆளுயரம் ஏறிய பிறகு மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் இறங்க முடியவில்லை. ஒரு வேரைப் பிடித்துத் தொங்கியபோது கீழிருந்து குரல் வந்தது. கவிதா இடைநிலைப் பள்ளியில் புவியியல் ஆசிரியை.

"ஐயோ, இது ரோடு இல்ல லா! உயரக் கோடு. நெருக்கமா இருந்தா செங்குத்துன்னு அர்த்தம்!"

"நேத்தே சொல்லக் கூடாதா?"

"நீ எங்க காட்டுன?"

அங்கிள் பொட்டலங்களைக் கீழே வைத்தார். என் இரண்டு கணுக்கால்களையும் கெட்டியாகப் பிடித்தார். "வலது காலை விடு. நான் புடிச்சிருக்கேன்." பேண்ட் கிழிந்தது. அவமானத்தில் எனக்கு அழுகையே வந்தது. கல்யாணம் அவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

பாறையடியில் உட்கார்ந்து அவர் நாசி லெமாக்கை நிதானமாகச் சாப்பிட்டார். பிறகு கேட்டார்: "நீ லோரி ஓட்ட மாட்டியே?"

"இல்ல அங்கிள். ரூட்டு மட்டும்தான்."

"அது வரைக்கும் நல்லது."

ஏனோ, பெண்ணைக் கொடுத்துவிட்டார். பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் நடந்த வரவேற்பிலிருந்து இன்றுவரை, எந்த விசேஷத்துக்குப் போனாலும் என் தோளில் கை போட்டு எல்லாரிடமும் ஒரே மாதிரிதான் அறிமுகப்படுத்துகிறார்: "எங்க மாப்பிள்ளை. இவர் காலைப் புடிச்சுதான் பொண்ணு குடுத்தேன்."

கேட்பவர்கள் அவரை இரக்கத்தோடும், என்னைக் கொலைகாரனைப் போலவும் பார்க்கிறார்கள். எவ்வளவு கறந்திருப்பானோ என்று கணக்குப் போடுவது முகத்திலேயே தெரிகிறது. முழுக் கதையையும் சொன்னால் நான் நல்லவனாகிவிடலாம். ஆனால் வரைபடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டி வரும். அதனால் பேசாமல் சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.