பூஜ்யம் கிலோமீட்டரில் ஒரு நேர்மையான கடை

"அவர் ஏமாறணும்னு முடிவு பண்ணிட்டா யாராலயும் தடுக்க முடியாதுக்கா."

துணி உலர்த்திக்கொண்டே என் மனைவி பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னது ஜன்னல் வழியாகக் காதில் விழுந்தது. யாரைச் சொல்கிறாள் என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். எங்கள் வீட்டில் 'அவர்' ஒருவர்தான்.

காரணம் இல்லாமல் இல்லை. போன மாதம் இணையத்தில் ஒரு பாதுகாப்புக் கேமரா வாங்கி வாசலில் மாட்டினேன். சிவப்பு விளக்கு அழகாக மினுக்கியது. ஒரு வாரம் அதன் முன்னால் தலையை வாரிக்கொண்டு நடந்தேன். பிறகுதான் உள்ளே விளக்கைத் தவிர எதுவுமே இல்லை என்று தெரிந்தது.

அன்று சாயங்காலமே அறிவித்தேன்.

"ஹால் சுவர்ல படம் பாக்க ஒரு புரொஜெக்டர் வாங்கப் போறேன். இந்தத் தடவை எவனும் என்னை ஏமாத்த முடியாது."

"மறுபடியுமா?"

"ஏமாந்தா ஆன்லைன்ல வாங்கற பாஸ்வேர்டை உன்கிட்ட குடுத்துடறேன். அப்புறம் ஒரு ஒயர்கூட நான் வாங்க மாட்டேன்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு பரணைப் பார்த்தாள். பரணுக்கும் என் சபதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை.

"சரிங்க" என்றாள். அவளிடமிருந்து அவ்வளவு சீக்கிரம் 'சரி' வந்ததே இல்லை.

மறுநாளே துப்பறியத் தொடங்கினேன். முதல் கடையின் முகவரியை வரைபடத்தில் தேடினேன். ஏரிக்கு நடுவில் காட்டியது. இரண்டாவது கடையை நாற்பது பேர் பாராட்டியிருந்தார்கள், நாற்பது பேரும் ஒரே நாளில், ஒரே வரியில். மூன்றாவது கடைக்காரர் போனை எடுத்ததும் என் பெயரைக்கூடக் கேட்காமல் ஓடிபி கேட்டார். உலகத்தில் யோக்கியர்களே இல்லையோ என்று குழம்பிப்போனேன்.

நான்காம் நாள், பழைய பொருள் விற்கும் தளத்தில் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. பெட்டி பிரிக்காத புரொஜெக்டர். விற்பவரின் பெயர் 'பொறுமைசாலி'. தூரம் பூஜ்யம் கிலோமீட்டர் என்று காட்டியது. தளத்தில் ஏதோ கோளாறு என்று விட்டுவிட்டேன்.

ஹாலில் உட்கார்ந்து விசாரணையை ஆரம்பித்தேன். 'ஏன் விற்கிறீர்கள்?' என்று அனுப்பினேன். சமையலறையில் மனைவியின் போன் சிணுங்கியது. குழாய்ச் சத்தம் நின்றது. பதில் வந்தது.

'வாங்கியவர் மறந்துவிட்டார்.'

'ஏதாவது பழுது உண்டா?'

உள்ளே மறுபடி சிணுங்கல். அன்று அவளுக்கு ஏனோ நிறைய செய்திகள் வந்துகொண்டிருந்தன.

'பிரித்தே பார்க்கவில்லை. தெரியாததைத் தெரியும் என்று சொல்ல மாட்டேன். நீங்கள் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். பிடிக்காவிட்டால் ஏழு நாளில் திருப்பி அனுப்பலாம்.'

'உங்களை எப்படி நம்புவது?'

'பதினோரு வருடமாக என்னோடு குடித்தனம் நடத்துகிறவரைக் கேளுங்கள்.'

'கொடுத்துவைத்த மனிதர்' என்று அனுப்பினேன்.

'அது அவருக்குத் தெரியாது' என்று பதில் வந்தது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. போனைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடி அத்தனையையும் படித்துக் காட்டினேன்.

"நல்ல பொம்பளையா இருப்பா போல" என்றாள், பாத்திரத்தைத் துடைத்தபடி.

"பொம்பளைன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"பொறுமைசாலின்னு போட்டிருக்கே."

ஞாயிற்றுக்கிழமை கூரியர்க்காரர் பெட்டியோடு வந்தார். வாசலிலேயே நின்று கதவு எண்ணையும் சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சார், இது இங்க வர வேண்டியதுதானா?"

"ஆமா. ஏன்?"

"நேத்து இங்கேருந்துதானே எடுத்துட்டுப் போனேன். மேடம்தான் குடுத்தாங்க."

"வேற வீடா இருக்கும்ப்பா."

"இதே சிவப்பு விளக்கு மினுக்கிச்சு சார்."

பெட்டியைத் திருப்பினேன். விளம்பரப் படத்தில் காட்டாத பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: 'சுவருக்கு வெள்ளை அடித்ததும் பிரிக்கவும்.' கையெழுத்து எங்கேயோ பார்த்ததுபோல் இருந்தது. பிரித்தேன். மேலேயே பில். இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி. என் பெயர்.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"இது நம்ம பரண்ல..." என்று இழுத்தேன்.

"ரெண்டு வருஷமா. வாங்கினவர் மறந்துட்டார்."

"ஆனா நான் ஏமாறலையே. சொன்ன பொருள் சொன்னபடி வந்திருக்கே."

"ஆமாங்க. நல்ல கடை."

ஏமாந்தேனா இல்லையா என்று எனக்கே குழப்பமாக இருந்தது. ஏமாறவில்லை என்றால் என் பொருளுக்கு நானே ஏன் பணம் கொடுக்கிறேன்?

"ஏழு நாள்ல திருப்பி அனுப்பலாம்னு போட்டிருந்தாங்க" என்றேன்.

"தாராளமா அனுப்புங்க. இங்கதான் வரும்."

கூரியர்க்காரர் கையை நீட்டியபடி நின்றுகொண்டிருந்தார்.

"குடுத்துடுங்க. பெயின்டர் நாளைக்கு வர்றார், சுவருக்கு வெள்ளை அடிக்க" என்றாள்.

கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்த்து, தன் கூலியை எடுத்துக்கொண்டு, ஓரடி தள்ளி நின்றிருந்த அவளிடம் மீதியைக் கொடுத்தார்.

நான் அவருடைய பேனாவையே இரவல் வாங்கி, பில்லின் பின்பக்கத்தில் பாஸ்வேர்டை எழுதி, மனைவியிடம் நீட்டினேன்.