தலைக்கு ஏறிய வயிற்று மாத்திரை

கூந்தல் தைலம் விற்கிறவருக்கு முடி கொட்டினால் அது அவருடைய சொந்த விஷயம் இல்லை. கடைக்காரர்கள் புட்டியைப் பார்ப்பதற்கு முன் அவர் உச்சந்தலையைப் பார்த்தார்கள். இந்த லட்சணத்தில் வெள்ளிக்கிழமை மேனேஜர் வேறு வீட்டுக்கே வருகிறாராம். வேலைக்கு உலை வைக்கத்தான் வருகிறார் என்று மனுஷனுக்குத் தூக்கம் போயிற்று. போதாக்குறைக்கு மச்சினன் ஒருவன். வேலைவெட்டி கிடையாது, தலை நிறைய முடி.

கம்பெனித் தைலத்தையே தேய்க்கக் கூடாதா என்று கேட்காதீர்கள். பல வருஷமாக விற்கிறவர், அதில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

அப்போதுதான் போனில் ஒரு செய்தி கண்ணில் பட்டது. நெஞ்செரிச்சல் மாத்திரையால் முடி முளைக்குமா என்று யாரோ ஆராய்கிறார்களாம். மீதியைப் படிக்க அவருக்குப் பொறுமை இல்லை.

மனைவிக்கு நெஞ்செரிச்சல் உண்டு. கல்யாணத்துக்குப் பிறகு வந்ததாக எல்லாரிடமும் சொல்வாள். ராத்திரி அவள் பாத்திரம் கழுவும் நேரம் பார்த்து, அவள் டப்பாவிலிருந்து இரண்டு மாத்திரையை எடுத்துப் பொடித்து, தண்ணீரில் குழைத்து உச்சியில் அப்பிக்கொண்டு படுத்தார். எண்ணிக்கை குறைவதை அவள் கண்டுபிடித்துவிட்டால்? அதைவிட, எரிச்சல் வந்து அவள் திறக்கும்போது டப்பா காலியாக இருந்தால்?

தினமும் எடுத்தும் டப்பா குறையவே இல்லை. மறுநாளிலிருந்து மாத்திரையில் புதினா வாசம் வேறு. தலை குளுகுளுவென்று இருந்தது. வியாழக்கிழமை காலை உச்சியில் குறுகுறுவென்று ஏதோ கிளம்பிற்று. முளைத்தே விட்டது என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஏம்மா, என் உச்சியைக் கொஞ்சம் பாரு. ஏதாவது தெரியுதா?"

"தெரியுது. வரிசையாப் போகுது."

"எது?"

"எறும்பு. அசையாதீங்க."

முதல் நாளே அவளுக்குத் தெரிந்துவிட்டதாம். தன் மாத்திரையை ஒளித்துவைத்துவிட்டு, டப்பாவில் புதினா மிட்டாயைக் கொட்டி வைத்திருக்கிறாள். வயிற்றுக்குத்தான் எடுக்கிறார் என்று நினைத்தாளாம். தலையணை உறையைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்ததாம்.

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நாளைக்கு மேனேஜர் வந்தால் வேலை போச்சு, குடும்பம் என்ன ஆகும் என்று புலம்பினார். அவள் ஈரத் துண்டால் அவர் தலையைத் துடைத்தாள்.

"வேலை ஒண்ணும் போகாது. நேத்து நீங்க குளிக்கிறப்ப மேனேஜர் போன் பண்ணார். விளம்பரத்துக்குப் போட்டோ எடுக்கத்தான் வராராம். தைலம் தேய்க்கறதுக்கு முன்னாடி ஒரு தலை, தேய்ச்ச பின்னாடி ஒரு தலை வேணுமாம். முன்னாடிக்கு உங்களைச் சொன்னேன். ரொம்ப சந்தோஷப்பட்டார்."

போன உயிர் திரும்பி வந்தது. கூடவே ஒரு ஆசையும் வந்தது. நல்ல ஒட்டுமுடியாக ஒன்று வைத்தால் பின்னாடிப் படத்துக்கும் தானே நிற்கலாமே என்று மெல்லக் கேட்டார்.

"அதுக்கு என் தம்பியைச் சொல்லியாச்சு. ஆடாம இருங்க, இன்னும் ஒரு எறும்பு இருக்கு."