நாற்பத்து மூன்று பக்க உண்மை நகல்

இணையம் எந்த நாட்டில் பிறந்ததோ, நானறியேன். அது ஒழுக்கம் கற்றுக்கொண்டது 1999இல், ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் இருக்கும் எங்கள் அலுவலகத்தில்தான்.

அன்று மாலை ஐந்து மணிக்குள் நூர்பானு என்ற பெண் எங்களிடம் கம்ப்யூட்டர் ஆபரேட்டராகச் சேர வேண்டும். தவறினால் வேலை போய்விடும். அவருடைய பதிவு எண்ணைத் தட்டியதும் சென்னை சர்வர் சுடச்சுட நியமன உத்தரவைத் தயாரித்து அனுப்பும். அதை அச்சடித்துக் கொடுப்பது மட்டுமே எங்கள் பொறுப்பு.

எங்களிடம் இரண்டு பிரவுசர்கள். முதலாவது உத்தரவைத் திரையிலேயே கொட்டியது. முழுக்கக் கட்டமும் கேள்விக்குறியும். கண்காணிப்பாளர் தனுஷ்கோடி கலங்கவில்லை. நாற்பத்து மூன்று பக்கங்களையும் அச்சடிக்கச் சொல்லி, ஒவ்வொன்றிலும் பச்சை மையில் ‘உண்மை நகல்’ என்று கையொப்பமிட்டார். இரண்டாவது பிரவுசர் கோப்புக்கு ‘ஆர்டர் டாட் சிஜிஐ’ என்று பெயர் வைத்துவிட்டு, எதைக் கொண்டு திறப்பது என்று எங்களையே கேட்டது.

“பேரை ‘ஆர்டர் டாட் டாக்’னு மாத்துனா வேர்டுல தொறந்துரும் சார். செத்த நேர வேலை” என்றார் நூர்பானு.

“பேரையா? எம் மகன் பேர்ல ஒரு எழுத்தை மாத்த, கெஜட்டுல போட்டு வாங்க ஆறு மாசம் அலைஞ்சேம்மா!” என்றார் தனுஷ்கோடி.

“இது வெறும் ஃபைலு சார்.”

“சர்க்கார் ஃபைலுல்லா!”

“நானே மாத்தட்டுமா சார்?”

“வேலைல சேந்த பொறவு மிஷினைத் தொடுங்க.”

நூர்பானு பஸ் பிடித்து ராஜபாளையம் போனார். தவசிமுத்துவின் பிரவுசிங் சென்டரில் பெயரை மாற்றித் திறந்து, ஒரே பக்க உத்தரவோடு நாலரைக்கு ஓடி வந்தார். உடனே மூவர் கொண்ட ‘ஒப்பீட்டுக் குழு’ அமைத்தோம். செயலாளர் நான். டீ வந்தது.

“எங்ககிட்ட நாப்பத்தி மூணு பக்கம். உங்ககிட்ட ஒண்ணு. மிச்சத்தை எங்கம்மா விட்டிய?” என்றார் தனுஷ்கோடி.

“அது அம்புட்டும் குப்பை சார்.”

“அப்ப நான் குப்பையிலயா கையெழுத்துப் போட்டிருக்கேன்?”

இல்லை என்று குழு ஒருமனதாகத் தீர்மானித்தது.

“எம் பேரு தெளிவா இருக்கு, பாருங்க சார்! மணி அஞ்சாகப் போகுது!” நூர்பானு தன் ஒற்றைத் தாளை நீட்டினார்.

“அதான் சந்தேகமா இருக்கு. உண்மை நகல்ல உங்க பேரே இல்லையே.”

மணி ஐந்தடித்தது. உத்தரவு காலாவதியானது. ஐந்து பத்துக்கெல்லாம் சென்னைக்கு ஒரு கடிதம் அடித்து முடித்தேன். நான் அடித்ததிலேயே அழகான கடிதம் அது, பெருமையாக இருந்தது.

‘கம்ப்யூட்டர் தெரிந்தவர் எவரும் இவ்வலுவலகத்தில் இல்லாமையால் தங்கள் உத்தரவைப் படிக்க இயலவில்லை. ஆகவே, காலியாக உள்ள ஆபரேட்டர் பணியிடத்தை உடனே நிரப்பித் தருமாறு பணிந்து வேண்டுகிறோம்.’

தபாலில் சேர்க்கப் புறப்பட்டேன். நூர்பானு வாசலை விட்டு நகராமல் நின்றிருந்தார்.

“செத்த தள்ளிக்கோங்கம்மா” என்றேன். “அவசரத் தபால்.”